சூரியத் தகட்டுக்கு முன்னால் கூரையைச் செப்பனிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுக் கட்டடங்களின் மொட்டைமாடிகளில் சூரிய மின்தகடுகள் அமைப்பதை வரவேற்று வெளியான கட்டுரையைப் படித்தேன். வரவேற்க வேண்டிய திட்டம்தான். ஆனால் கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் எந்த வேலை முதலில், எது பின்னால் என்பதில் கூடுதல் கவனம் தேவை.

இங்கு வீசும் உப்புக்காற்றின் ஈரம் கான்கிரீட்டின் மெல்லிய வெடிப்புகள் வழியே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்து, தளத்தின் அடிப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. அப்படிப்பட்ட தளத்தின்மீது தகடுகளைப் பொருத்திவிட்டால், சில ஆண்டுகளிலேயே ஒழுக்கை அடைப்பதற்காக அனைத்தையும் கழற்றி மறுபடியும் மாட்ட வேண்டிவரும். ஆகவே முதலில் கம்பியைச் சோதித்து, வெடிப்பை அடைத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டு, அதன்மேல் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடு பதிக்க வேண்டும். ஒழுகலும் நிற்கும், மாடி வகுப்பறையின் அனலும் தணியும், குளிர்சாதனத் தேவை குறைவதால் குறைந்த தகடுகளே போதுமானதாகவும் இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரைகடந்த பகுதி இது என்பதால், தகடு தாங்கும் சட்டங்களைக் காற்றின் இழுவிசைக்குக் கணக்கிட்டே பொருத்த வேண்டும்.

பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் என்ன விலை என்பதற்குப் புதுச்சேரி மேரி கட்டடமே சான்று. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த அந்தப் பழைய நகர்மன்றம், மறுபடியும் கட்டப்பட்டு 2021இல்தான் திறக்கப்பட்டது. அதே ஊரில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் வடிவமைப்பில், சுவர்களுக்குப் பதிலாக அசையும் கான்கிரீட் பலகைகளால் காற்றை உள்ளே விட்டு, குளிர்சாதனம் இன்றியே வெப்பத்தைச் சமாளிக்கிறது. புதிய அலுவலகங்களின், வெப்பத்தை உள்ளே சேர்க்கும் கண்ணாடி முகப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

அடுத்தது மின்சாரம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. இத்தகைய நாட்களில் நம் பள்ளிகளே நிவாரண முகாம்கள். மெயின் போர்டும் ஜெனரேட்டரும் தரைமட்டத்தில் இருந்தால், முகாமுக்கு விளக்கும் குடிநீர் மோட்டாரும் தேவைப்படும் நேரத்தில் அவைதான் முதலில் மூழ்கும். பழைய 75 வாட் மின்விசிறிகளுக்குப் பதிலாக மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோட்டார் கொண்ட 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளை மாட்டினால், நூறு விசிறிகள் எட்டு மணி நேரம் சுழலும் பள்ளியில் நாளொன்றுக்கு 36 யூனிட் மிச்சமாகும். முகாம் நாட்களில் ஜெனரேட்டருக்கான டீசலும் அதற்கேற்பக் குறையும்.

எனவே முகாமாகப் பயன்படும் ஒவ்வொரு பள்ளியிலும் கூரையின் நிலை, மின்பலகையின் உயரம் ஆகிய இரண்டையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே பொறியாளர்கள் ஆய்வு செய்து, அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும், கூரையைச் செப்பனிட்டு, மின்பலகையை உயர்த்தி முடித்த கட்டடங்களுக்கு மட்டுமே சூரியத் தகட்டு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும் என்றும் தமிழ்நாடு, புதுச்சேரி ஆகிய இரு அரசுகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.