செயலாளரின் ஆண்டறிக்கை (2023–24)

கர்த்தருக்குள் அன்பான அங்கத்தினர்களுக்கு ஸ்தோத்திரம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் முடிய நமது ஐக்கியம் செய்த பணிகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் பல சபைகளிலிருந்தும் நம்மவர்கள் கலந்துகொண்டார்கள். மிக்ஜாம் புயல் வந்த டிசம்பர் முதல் வாரத்தில் முடிச்சூர், வேளச்சேரிப் பக்கம் பாலும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநர்களும் தங்கள் உரிமைக்காக நடத்திய வானவில் சுயமரியாதைப் பேரணியில் நாம் போட்ட தண்ணீர்ப் பந்தலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பந்தல் போட்டது பலருக்குத் தெரியும். ஏன் போட்டோம் என்று கேட்டவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு.

சென்னையில் இந்தப் பேரணி 2009 முதல் நடக்கிறது. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தளர்த்துவதற்கு முன்பே, பயந்து பயந்து நடந்தவர்கள் இவர்கள். இத்தனை வருடங்களில் கிறிஸ்தவர்களிடமிருந்து அவர்கள் அதிகம் கேட்டது கண்டனம்தான். எபிரெயர் நிருபம் 13ஆம் அதிகாரத்தில் அந்நியரை உபசரிக்கச் சொன்ன வசனத்தை நாம் வாசிக்காத வருடம் இல்லை. ஆகவே எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, மோரும் நன்னாரி சர்பத்தும் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

சுவிசேஷத் துண்டுப்பிரதி கொடுக்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். நான் சம்மதிக்கவில்லை, இன்றும் சம்மதிக்க மாட்டேன். மோர் டம்ளரோடு துண்டுப்பிரதியையும் நீட்டினால் அது உபசரிப்பு ஆகாது, மோருக்கு விலை கேட்பது ஆகும். "அவர்கள் மாற வேண்டும் என்று ஜெபிக்கலாமே" என்றார் ஒரு மூத்த அங்கத்தினர். ஒருவரின் பாலின ஈர்ப்பை மருத்துவ முறையில் 'குணப்படுத்த' முயலக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தீர்ப்பளித்திருக்கிறது. நீதிமன்றத்துக்கு இருந்த கரிசனை நம் பந்தலிலும் இருக்கட்டும் என்றேன். யாராவது தாமாகக் கேட்டால் மட்டும் ஜெபம், நம் பக்கமிருந்து அந்தப் பேச்சு வேண்டாம் என்று ஒழுங்கு வைத்தோம். அது கடைசிவரை காக்கப்பட்டது.

காலை ஆராதனை முடிந்ததும் பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். வெயில் கொளுத்தியது. முதலில் யாரும் மேஜை அருகே வரவில்லை. பறைக்கு ஆடி முடித்து வியர்த்துப்போயிருந்த ஒரு வயதான திருநங்கை வந்து நின்று, பேனரில் இருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, "குடிச்சா ஜெபத்துக்கு உட்காரணுமாப்பா?" என்று கேட்டார். நம் வாலிபர் ஒருவர், "வேணாம்க்கா, உப்பு போதுமான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அவர் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உப்புப் போடச் சொன்னார். அதன்பின் கூட்டம் குறையவே இல்லை, பேரணி புறப்படும் முன்பே மோர் தீர்ந்துவிட்டது.

அதே அக்கா, "இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்றும் கேட்டார். ஆண்கள் பக்கம் போனால் பயம், பெண்கள் பக்கம் போனால் விரட்டுகிறார்கள் என்றார். அருகில் உள்ள ஒரு வளாகத்தின் கழிப்பறையை அன்று பிற்பகல் மட்டும் திறந்துவிடும்படி ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்திருந்தோம். "அடுத்த கமிட்டியில் பார்க்கலாம்" என்ற பதிலோடு அது நின்றுவிட்டது. அங்கே பூட்டு தொங்கியது. நாம் சர்பத் கொடுத்துக்கொண்டே இருந்தோம், குடித்தவர்கள் போக ஓர் இடம் இல்லை. என்னைப் பொறுத்தவரை அன்றைய நாளின் பெரிய குறை இதுதான், இதை எழுதாமல் விட முடியாது.

பந்தலுக்கு வருவதாகப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர்கூட அன்று வரவில்லை. உடல்நலக் குறைவு, ஊர்ப் பயணம் என்ற காரணங்களை ஏற்கிறேன். ஆனால் "யாராவது போட்டோ எடுத்துவிட்டால் சபையில் கேட்பார்களே" என்று கடைசி நேரத்தில் விலகியவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பயத்தோடுதான் பேரணியில் பலர் முகமூடி போட்டு நடந்தார்கள். அவர்கள் வந்தார்கள்.

சந்தா விஷயமும் அப்படித்தான். இரண்டு வருட பாக்கி வைத்திருப்பவர்கள் ஒருவர் இருவர் அல்ல. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் செலவு வரவைத் தாண்டியது, இடைவெளியை நல்ல மனம் கொண்ட சிலர் நிரப்பினார்கள்.

ஆலோசனை தந்த போதகர்களுக்கும், பாத்திரங்கள் கொடுத்துதவிய சமையல்காரருக்கும், போக்குவரத்தைச் சரிசெய்த காவலர்களுக்கும், பேரணி ஏற்பாட்டாளர்களுக்கும் நன்றி.

இந்த 2024ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசி ஞாயிறு 30ஆம் தேதி வருகிறது. மோர், சர்பத்துக்கு நாம் சமாளித்துவிடலாம். கழிப்பறையும் நிழலும் உள்ள ஓர் இடத்தின் சாவிதான் இப்போது தேவை. நம்மில் சிலர் அப்படிப்பட்ட வளாகங்களின் கமிட்டிகளில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் மே மாதத்துக்குள் என்னிடம் பேசினால் நல்லது. ஊழியத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கலாம், சந்தா பாக்கியையும் அவரிடமே செலுத்தலாம்.

இப்படிக்கு,
செயலாளர்