மனு கொடுத்தவர்களுக்கு லஞ்சப் பட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்க அரசியல் கட்டுரையில், ‘லாபி என்பது அங்கே சட்டமே அனுமதித்த லஞ்சம்’ என்று ஒரு வரி. மூன்று நாளாக மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

நானும் லாபி செய்தவன், அதாவது சட்டம் இயற்றுபவர்களை நேரில் பார்த்துக் கோரிக்கை வைத்தவன். 2019 அக்டோபரில் எடிசனிலிருந்து ஏழு பேர் விடிவதற்கு முன் ஒரு வேனில் வாஷிங்டனுக்குக் கிளம்பினோம். வேலை வழியாக வரும் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, ஆண்டுக்குச் சுமார் 1,40,000. மனைவி, பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான். அதிலும் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்று ஒரு வரம்பு. அதை நீக்கச் சொல்லிக் கேட்கப் போனோம். செனட்டர் அலுவலகத்தில் ஓர் இளம்பெண் கால் மணி நேரம் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டார். எங்களோடு வந்த ஓர் அம்மா தன் மகனின் படத்தை எடுத்துக் காட்டினார். அவனுக்கு 20 வயது. 21 ஆகிவிட்டால் பெற்றோரின் விசாவை வைத்து அங்கே இருக்க முடியாது. படத்தைத் திரும்பப் பைக்குள் வைக்கும்போது அவர் கை நடுங்கியது.

எங்களுக்கு ஓட்டு இல்லை. விசாவில் இருப்பவர் வேட்பாளருக்கு ஒரு டாலர் நன்கொடை கொடுப்பதும் சட்டப்படி குற்றம். வேன் வாடகையும் கட்டிக்கொண்டு போன புளிசாதமும்தான் எங்கள் செலவு. இதில் லஞ்சம் எங்கே ஐயா இருக்கிறது?

அந்த வரம்பை நீக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2019 ஜூலையிலேயே 365-65 என்று நிறைவேற்றியிருந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் ஆதரித்தார்கள். செனட் 2020 டிசம்பரில் வேறு வடிவில் நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றாவதற்குள் அவையின் காலம் முடிந்து மசோதா செத்தது.

உங்கள் பத்திரிகை அமெரிக்கக் கட்சிகளை நம்மூர்க் கட்சிகளைப் போலவே எழுதுவது பல வருட வழக்கம். ‘தலைமை சீட் கொடுத்தது’ என்கிறீர்கள். அங்கே வேட்பாளரை முதனிலைத் தேர்தலில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் 1985-ஆம் வருடக் கட்சித் தாவல் தடைச் சட்டம் போல் எதுவும் கிடையாது. கொறடாவை மீறி ஓட்டுப் போட்டாலும் பதவி போகாது. அதனால்தான் ஒற்றைக் கோரிக்கையோடு வரும் குழுக்கள் ஒவ்வோர் உறுப்பினரின் கதவையும் தனித்தனியாகத் தட்டுகின்றன. 2013 ஏப்ரலில் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் திருத்தம் செனட்டில் 54 ஓட்டுப் பெற்றும், நிறைவேறத் தேவையான 60-ஐ எட்டாமல் தோற்றது. துப்பாக்கிச் சங்கத்தின் பணம் மட்டுமே காரணம் என்று எழுதினீர்கள். தேர்தல் நாளில் திரண்டு வரும் அதன் உறுப்பினர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்போதும் கடிதம் எழுதினேன், நீங்கள் வெளியிடவில்லை.

பணத்தின் ஆட்டத்தை நான் மறுக்கவில்லை. முதியோர் மருந்துச் சட்டம் 2003-இல் நிறைவேறியது. மருந்து விலையை அரசு பேரம் பேசக் கூடாது என்று அதிலேயே எழுதினார்கள். அதை முன்னின்று நடத்திய பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பில்லி டாசின், 2005-இல் மருந்து நிறுவனங்களின் சங்கத்துக்கே தலைவராகப் போனார். அதைக் கண்டித்து எழுதுங்கள், முதல் ஆளாகப் பாராட்டுவேன். அவரையும் அந்த அம்மாவையும் ஒரே வரியில் நிறுத்தாதீர்கள்.

அரசிடம் குறை சொல்லி மனுக் கொடுக்கும் உரிமை 1791 முதல் அந்நாட்டு அரசியலமைப்பில் இருப்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
எடிசன், நியூ ஜெர்சி