வெள்ளியின் மேகங்களில் பலூன் பறந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேற்றுக்கோள்களில் பலூன் விடுவது ‘கணினித் திரையோடு முடிந்துபோகும் கனவு’ என்று சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் படித்தேன். மனம் ஆறவில்லை.

1985 ஜூனில் சோவியத் ஒன்றியத்தின் வேகா 1, வேகா 2 விண்கலங்கள் வெள்ளியின் மேகங்களுக்குள் ஆளுக்கொரு ஹீலியம் பலூனை இறக்கியதைத் தாங்கள் அறியாதவரல்லர். ஏறத்தாழ 54 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில், இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவாக அவை தகவல் அனுப்பின. ஒவ்வொன்றும் கடந்தது ஏறக்குறைய 11,000 கிலோமீட்டர். பேட்டரி தீர்ந்த பிறகுதான் குரல் அடங்கியது. இவ்வளவும் நடந்த பிறகு அதைக் கனவு என்று எப்படி அச்சிட்டீர்கள்?

இது முதல் முறையும் அல்ல. வெள்ளி என்றாலே தரையின் 465 டிகிரி வெப்பத்தைச் சொல்லி நிறுத்திவிடுகிறீர்கள். பலூன்கள் மிதந்த உயரத்தில் வெப்பம் நம் கோடைக்கு இணையானது, அழுத்தம் பூமியில் இருப்பதில் ஏறத்தாழ பாதி என்று முன்பே எழுதினேன், கடிதம் வெளியாகவில்லை. ஹீலியம் எந்தக் கோளிலும் மிதக்கும் என்றும் ஒருமுறை எழுதினீர்கள். வியாழனின் வளிமண்டலம் பெரும்பாலும் ஹைட்ரஜன். அங்கே ஹீலியம் மூழ்கும். அங்கு பலூன் விட வேண்டுமானால் ஹைட்ரஜனையே சூடேற்றி நிரப்ப வேண்டும்.

கணினி மாதிரியை ‘ஊகம்’ என்று ஒதுக்குவதுதான் எல்லாவற்றையும்விட வலிக்கிறது. வளிமண்டல மாதிரிகளை இயக்குவது என் தொழில். வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள் எடுக்கிறது; அதன் மேல்மேகங்களோ நான்கே நாளில் கோளைச் சுற்றிவிடுகின்றன. அந்த வேகத்தைக் கணக்கில் வரவழைப்பது எளிதன்று. வளிமண்டலத்தைக் கணக்கிடுவதற்காகப் பிரித்துக்கொள்ளும் கட்டங்களின் அளவை மாற்றினாலே மாதிரியில் காற்று தளர்ந்துபோவதைப் பார்த்துத் தூக்கம் இழந்திருக்கிறேன். அப்போதெல்லாம் எங்கள் விடையைச் சரிபார்க்கக் கிடைப்பவற்றில் அந்தப் பலூன்களின் அளவீடுகள் விலைமதிப்பற்றவை. பலூன்களை நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில் கீழே அழுத்திய காற்று, முன்பு எதிர்பார்த்ததைவிட வலுவாக இருந்தது. பறந்து அளந்ததால்தான் அது தெரியவந்தது. கணக்கிடுவோரையும் பறக்கவிடுவோரையும் எதிரெதிரே நிறுத்தும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போதும். வேகா 1, வேகா 2, 1985 என்பவை மட்டும் அதில் தவறாமல் இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்