ஹவர் மீட்டரைப் பார்த்து ஜெனரேட்டர் வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் சென்னையில் பழைய ஜெனரேட்டருக்குக் கிராக்கி வந்துவிடுகிறது. புதிது வாங்கக் கட்டுப்படியாகாத அடுக்குமாடிச் சங்கங்களும் சிறு பட்டறைகளும் ராணுவம் கழித்துவிட்ட செட்டுகளைத் தேடிப் போகின்றன. ஏலத்தில் எடுத்துக் கைமாற்றி விற்பவர் முதலில் காட்டுவது ஹவர் மீட்டரைத்தான்: "நானூறு மணி நேரம்கூட ஓடலை சார், பட்டாளத்துச் சாமான்." சாமான் கெட்டிதான், சந்தேகமில்லை. ஆனால் இந்த செட்டுகள் ஓடித் தேய்ந்ததைவிட நின்றே கெட்டது அதிகம். நின்ற வருஷங்களை மீட்டர் காட்டாது.

விலை பேசுமுன் நேம் பிளேட்டைத் துடைத்துப் படியுங்கள். நமக்கு வேண்டியது 50 ஹெர்ட்ஸ், 230 அல்லது 415 வோல்ட். ராணுவத்தில் விமானத்துக்கும் சில ரேடார்களுக்கும் 400 ஹெர்ட்ஸ் செட் உண்டு. 28 வோல்ட் டிசி மட்டும் தரும் சார்ஜிங் செட்டும் உண்டு. "ஆர்பிஎம் குறைத்து 50 ஹெர்ட்ஸ் ஆக்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 400 ஹெர்ட்ஸ் செட்டின் வேகத்தை எட்டில் ஒரு பங்காக்கினால் எஞ்சினே நின்றுபோகும்.

வாங்கி இறக்கியதும் ஒரு பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. பாதி எஞ்சின்கள் அந்தப் பத்து வினாடியில்தான் பாழாகின்றன. பல வருஷம் நின்ற எஞ்சினில் பேரிங்கிலிருந்து ஆயில் வடிந்து போயிருக்கும், பிஸ்டன் ரிங் துருவில் லைனரோடு (சிலிண்டரின் உட்சுவர்) ஒட்டியிருக்கும். சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, சிலிண்டருக்குப் பத்து மில்லி எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். மறுநாள் முன்பக்க புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு, கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது இடித்தால் பலவந்தம் கூடாது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. இடிக்கவில்லை என்றால் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றி, நாசில் இல்லாமலேயே, டீசலை நிறுத்தும் ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி, ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் அடிக்கலாம். ஒரு தடவைக்குப் பத்து வினாடி, நடுவே இரண்டு நிமிஷம் இடைவெளி. இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடேறிப் புகையும்.

அடுத்தது டீசல். டேங்கின் அடியில் தண்ணீர் தங்கி, அதற்கு மேல் கறுப்பாகக் கொழகொழவென்று பாசி மாதிரி படிந்திருக்கும். அடி பிளக்கைத் திறந்து முழுவதும் வடித்து, டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றுங்கள். அந்தத் தண்ணீர் ஏற்கெனவே டீசல் பம்புக்குள் போயிருந்தால் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற தண்டு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஃபுல் டீசல் நிலையில் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன மறுகணமே எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. பம்பின் பக்க மூடியைக் கழற்றி, ரேக் விரலுக்கு லேசாக நகர்கிறதா என்று பாருங்கள். அப்படியும் முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, வேகமெடுத்தால் காற்றுக் குழாய் வாயை அடைத்து எஞ்சினை நிறுத்த ஒரு தடித்த பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கையால் அடைக்கப் பார்க்காதீர்கள். டீசல் லைனில் சிக்கிய ஏரை எடுக்கும்போது முதலில் ஃபில்டர் ஸ்க்ரூ, பிறகு பம்ப், கடைசியில் நாசில் நட் என்று தளர்த்த வேண்டும்; குமிழி நின்றால்தான் முறுக்க வேண்டும்.

மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்கு எதிரி கடற்காற்றின் ஈரம். வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆரின் எல்லா வயரையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே ஒரு நிமிஷம் அளந்து பாருங்கள். ஏவிஆரைக் கழற்றாமல் மெகர் போட்டால் அது போய்விடும். ஒரு மெகோமுக்குக் கீழே இருந்தால் ஓட்டக் கூடாது. உள்ளே 100 வாட் குண்டு பல்புகளை வைத்துத் தார்ப்பாய் மூடி ஓரிரு நாள் காயவிட்டு மறுபடி அளக்கலாம். எஞ்சின் 1500 ஆர்பிஎம்மில் ஓடியும் வோல்டேஜ் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் ஃபீல்டு இரும்பில் மிச்சம் நிற்கும் காந்தம்தான் போயிருக்கும். உடனே ரீவைண்டிங்குக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஏவிஆர் கழற்றிய நிலையில் 12 வோல்ட் பேட்டரியைப் பாசிட்டிவ், நெகட்டிவ் பார்த்து ஃபீல்டு (காந்தச் சுருள்) வயரில் இரண்டு மூன்று வினாடி தொட்டாலே பல செட்டுகள் எழுந்துவிடும்.

வாரம் ஒருமுறை லோடு இல்லாமல் ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு அணைப்பதைப் பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். எஞ்சின் சூடேறாததால் ஆயிலில் நீர் தங்கும்; எரியாத டீசல் கரியோடு சேர்ந்து சைலன்சர் மூட்டில் ஒழுகும். மாதம் ஒருமுறை, குறைந்தது 30 சதவீத லோடில், அரை மணி நேரம் ஓட்டினால் போதும். 62.5 கேவிஏ செட்டில் படிக்கட்டு விளக்கை மட்டும் எரிப்பவர்கள் பெரிய செட் வாங்கியதே தவறு.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் ஏறிய உயரம் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் செட்டை பேஸ்மென்ட்டில் வைக்கிறார்கள். முழுகிய செட்டை ஸ்டார்ட் செய்தால், சிலிண்டரில் நிற்கும் தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேஸ்மென்ட்டில் புகை தேங்கி ஆளையே கொல்லும் என்பது வேறு. மெயினையும் ஜெனரேட்டரையும் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேராக மெயினில் கொடுப்பவர்களால், கரண்ட் லைனுக்குத் திரும்பி ஏறி, கம்பத்தில் ஏறும் மின்வாரிய லைன்மேனின் உயிருக்கும் ஆபத்து.

ராணுவ ஜீப், லாரி எடுப்பவர்களுக்கும் சில வார்த்தை. பலவற்றில் 24 வோல்ட் வயரிங். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஸ்டீரியோ மாட்டினால், அது சார்ஜ் ஏறாமலும் மற்றது கொதித்தும் இரண்டுமே போகும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் டயர் பழசாக இருக்கலாம். பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தயாரித்த வருஷத்தைச் சொல்லும், அதைப் பாருங்கள். சில வண்டிகளில் வீல் டிஸ்க் இரண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைத்திருக்கும். வால்வு ஊசியை எடுத்து முழுக் காற்றையும் இறக்காமல் அந்த நட்டைத் தொட்டால் வெடித்து எறியும். பழைய வண்டிப் பாகச் சந்தையான புதுப்பேட்டையில் எல்லா பஞ்சர்க் கடைக்காரருக்கும் இது பழக்கமில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு, அந்த ஆலிவ் பச்சை பெயின்ட்: 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி பாதுகாப்புத் துறை வண்டிக்கு மட்டுமே அந்த நிறம். ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் முன் வேறு நிறம் அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக்குகள் சிலர்,
அம்பத்தூர், சென்னை.