பெட்டிக்கு இழப்பீடு கிலோ கணக்கிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு, விசாவை கேன்சல் செய்து ஊருக்கே திரும்பி வந்தவன் நான். திருச்சிக்கு வந்த விமானம் இரவு முழுக்கத் தாமதம். அதற்கு ஒரு சாப்பாட்டுக் கூப்பன், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் பெல்ட்டில் வந்தது. வராத பெட்டியில் கேஜ் செட், கிளாம்ப் மீட்டர், ஃப்ளேரிங் டூல் என்று ஏ.சி. வேலைக்கான கருவிகள் எல்லாம் இருந்தன. பேராவூரணியில் சொந்தமாக சர்வீஸ் தொடங்கலாம் என்று சிறுகச் சிறுக வாங்கியவை. "அடுத்த ஃப்ளைட்டில் வந்துடும்" என்றார்கள். வரவே இல்லை.

நச்சரித்த பிறகு விமான நிறுவனத்திடமிருந்து ஒரு மெயில் வந்தது. பெட்டி 18 கிலோ, கிலோவுக்கு 20 டாலர், ஆக 360 டாலர். கையெழுத்துப் போட்டால் பணம் வரும். இனிமேல் எதுவும் கோர மாட்டேன் என்று அதே தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. பழைய பேப்பர்காரர் தராசில் வைத்துப் போட்ட விலை மாதிரி இருந்தது. கிளாம்ப் மீட்டர் அரைக் கிலோகூட வராது. அதற்கு இந்தக் கணக்கில் என்ன தேறும்?

விசாரித்ததில், இந்தக் கிலோ கணக்கு, சர்வதேச விமானப் பயண இழப்பீடு பற்றிய 1929ஆம் வருட வார்சா உடன்படிக்கையின் மிச்சம் என்று தெரிந்தது. அதற்கு மாற்றாக 1999இல் வந்தது மாண்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா அதில் 2009இல் சேர்ந்தது, அமீரகம் அதற்கும் முன்பே. பயணியின் பெட்டிக்கு அதில் எடைப் பேச்சே இல்லை. பயணி ஒருவருக்கு இவ்வளவு வரை என்று உச்சவரம்பு மட்டும்தான். 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகில். நம் பணத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். அதை முழுதாகத் தூக்கிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. உண்மையான இழப்பை நாம்தான் காட்ட வேண்டும், சரி. என்ன தொலைந்தது என்றே கேட்காமல் எடையைப் பெருக்கி அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

நான் பட்டியல் கொடுத்த பிறகு ஒரிஜினல் பில் கேட்கிறார்கள். துபாயின் தேரா பகுதிக் கடைகளில் பல வருடமாக ஒவ்வொன்றாக வாங்கிய கருவிக்கு யார் பில் வைத்திருப்பார்? வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்யும் இடத்தில் எடுத்த போட்டோக்கள், இன்று அதே கருவிகளுக்குக் கடையில் கேட்டு வாங்கிய விலை எல்லாம் அனுப்பியிருக்கிறேன். தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கும், தடுக்க நியாயமாக முடிந்ததை எல்லாம் செய்தோம் என்று நிரூபிக்காதவரை, விமான நிறுவனமே பொறுப்பு. அதனால் என்னை அழைத்துப்போக வந்து விடிய விடிய நின்ற காருக்கு நான் கொடுத்த வெயிட்டிங் வாடகையையும் சேர்த்தே கேட்டிருக்கிறேன்.

ஊரோடு வந்துவிட்டவன் என்பதால் எனக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. லீவில் வருகிறவர் என்ன செய்வார்? தங்கச்சி கல்யாணம், வீட்டு வேலை, அப்புறம் திரும்பவும் பிளேன் ஏற வேண்டும். வந்தது லாபம் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார். துபாயில் என் அறையில் இருந்தவர்களே அப்படி வாங்கியிருக்கிறார்கள். இந்த அவசரத்தை நம்பித்தான் 20 டாலர் கணக்கு இன்னும் ஓடுகிறது என்பது என் எண்ணம்.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் பி.ஐ.ஆர். என்னும் புகார்ச் சீட்டை வாங்கிவிட வேண்டும். 21 நாளில் வராத பெட்டி தொலைந்ததாகவே கணக்கு. தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும், உடைந்து வந்தால் 7 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். டிக்கெட்டுக்குக் கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இழப்பீட்டுக்கு வரம்பு உண்டு என்பதைப் பயணிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதே மாண்ட்ரியல் உடன்படிக்கை சொல்கிறது. டிக்கெட்டின் அடியில் பொடி ஆங்கிலத்தில் போட்டால் தெரிவித்தது ஆகிவிடுமா? வளைகுடா விமானங்கள் இறங்கும் திருச்சியில், பெல்ட் பக்கத்திலேயே இந்த விவரங்களைத் தமிழில் பெரிய பலகையாக வைக்க விமானப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட வேண்டும். கையெழுத்து வாங்கும் தாளையும் தமிழில் தரச் சொல்ல வேண்டும்.

அந்த 360 டாலர் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. சரியான பதில் வராவிட்டால் தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பேராவூரணி