புதுக்குடி ஆச்சிக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

வீடு வந்து சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. கண்ணை மூடினால் இன்னும் மழைச் சத்தம்தான் கேட்கிறது. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பி, வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோன ரயிலைப் பற்றி, உள்ளே இருந்த எங்களைவிட வெளியே இருந்து செய்தி பார்த்த உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். எங்கள் ஃபோன்கள் ஒவ்வொன்றாக அடங்கிவிட்டன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது என்பதையே சென்னைக்கு வந்த பிறகுதான் படித்தேன். அதனால் அந்தக் கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தள்ளிப்போட்டால் சொல்லாமலே இருந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

முதலில், என் புது நாவலைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்ட ஊர்களுக்கு. மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது, புத்தகம் அச்சகத்தைவிட்டு வெளியே வருமா என்பதே சந்தேகமாக இருந்தது. பதிப்பாளர் முழங்கால் தண்ணீரில் போய், கட்டுகளைத் தலையில் சுமந்து வெளியே கொண்டுவந்தார். டிசம்பர் 9ஆம் தேதி 120 பிரதிகளோடு கிளம்பினேன். திருச்சி, மதுரை, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று ஒன்பது நாளில் ஒன்பது ஊர். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டவர்கள், மைக் கட்டியவர்கள், தங்கள் வீட்டுக் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. கடைசி நாள் திருச்செந்தூரில் அந்த மழையிலும் குடை பிடித்து வந்த பதினொரு பேரை நான் மறக்க மாட்டேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து நேராகக் கூட்டத்துக்கு வந்த அக்காக்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். நாவல் உங்களைப் பற்றியது. உங்கள் முன்னால் அதைப் படித்துக் காட்டும்போது என் கை நடுங்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போகிறது என்று தெரிந்ததும் எங்களை மேலே போகவிடாமல் அங்கேயே நிறுத்திய நிலைய மேலாளர் ஜாபர் அலி அவர்களுக்கு, அந்த ரயிலில் இருந்த 800 பேரும் அவர்கள் வீட்டாரும் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறோம். பேரிடர் மீட்புப் படை வீரர்களுக்கு, ஹெலிகாப்டரில் வந்து சாப்பாடு போட்டவர்களுக்கு, கர்ப்பிணிப் பெண்ணைப் பத்திரமாகத் தூக்கிச் சென்றவர்களுக்கு, வாஞ்சி மணியாச்சி ஸ்டேஷன் வரைக்கும் பஸ் ஓட்டிய ஓட்டுநர்களுக்கு நன்றி. பவர் பேங்கில் கடைசிக் கோடு மிச்சமிருந்தபோது "அம்மாகிட்ட பேசிருங்கக்கா" என்று நீட்டிய கல்லூரித் தம்பிக்கும், அம்மாவோடு இரண்டு ராத்திரி துணைக்குப் படுத்த எதிர்வீட்டுக்காரர்களுக்கும், நான் இருக்கும் இடத்தைச் சொல்லிப் பதிவு போட்டு விடியவிடிய விழித்திருந்த வாசகர்களுக்கும் நன்றி. பெயர் சொல்லி எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி நான் எழுத உட்கார்ந்ததே எதற்காகவோ, அது.

எங்களுக்குச் சோறு போட்டது ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஊரான புதுக்குடிக்காரர்கள் என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. அவர்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர். கோயிலில் அடுப்பு மூட்டி, இருந்த அரிசியையெல்லாம் போட்டுப் பொங்கி, இடுப்பளவு வெள்ளத்தில் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சுமார் 300 பேர் போன பிறகு அந்த வழியும் அடைபட்டுவிட, ரயிலிலேயே மாட்டிக்கொண்டவர்கள் ஐந்நூறு பேர் இருப்போம். எங்கள் பெட்டிக்குச் சோறு கொண்டுவந்தவர்களில் ஓர் ஆச்சி இருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தார். சேலை இடுப்புவரை நனைந்து ஒட்டிக்கிடந்தது.

திங்கள்கிழமை காலையில் அவர் இலைப் பொட்டலத்தை நீட்டியபோது நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டேன். மத்தியானமும் அப்படித்தான். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள் முன்னதாகவே வந்துவிட்டது. ஊர் ஊராக அலைந்ததில் நாள் தப்பியிருக்கும். கைப்பையில் இருந்த இரண்டு நாப்கின்களும் ஞாயிறு ராத்திரியே தீர்ந்துவிட்டன. துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். கழிவறையில் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. என்னைச் சுற்றிக் கோயிலுக்கு வந்து திரும்புகிற குடும்பங்கள், நல்ல மனிதர்கள்தான். எதிர் இருக்கையில் ஓர் அம்மா இருந்தார்கள், கேட்டிருந்தால் ஏதாவது வழி செய்திருப்பார்கள். என்னால் கேட்க முடியவில்லை.

இதை யோசிக்கும்போதுதான் எனக்கு மனம் ஆறவில்லை. என் நாவலில் ஓர் அத்தியாயம் முழுக்க இதுதான். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் ஒரு பெண், எழுந்துபோனால் கூலி குறையும் என்று மாலை வரை உட்கார்ந்தே இருக்கிறாள். அந்த அத்தியாயத்தைப் பற்றி ஒரு ஊரில் ஒருவர் எழுந்து, "இதையெல்லாம் எழுதத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் பதில் சொன்னேன். சொல்லாமல் மறைத்த ஒவ்வொன்றும் பெண்ணின் உடம்பில்தான் போய்த் தங்குகிறது என்றேன். கூட்டம் கைதட்டியது. அதே நான்தான், ஓர் அடி தள்ளி உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் ஒரு பகல் முழுக்க அப்படியே இருந்தேன். ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் பிறந்த ஊர். ஐந்து வயதுவரை பேச்சே வராமல் இருந்து, திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்து பாடினார் என்பார்கள். திருச்செந்தூர்க் கூட்டத்தில் இதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன். அங்கே அவ்வளவு பேசிவிட்டு அவர் ஊருக்கு வந்து ஊமையாகிப் போனேன்.

சாயங்காலம், இருட்டுகிற நேரத்தில், ஆச்சி மறுபடி வந்தார். கையில் சோறு இல்லை. முந்தானைக்குள் ஒரு மஞ்சப்பையை அணைத்துப் பிடித்திருந்தார். நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோரமாக, "எந்திரிக்கவே மாட்டேங்கியே தாயி. காலையில இருந்து பாத்துக்கிட்டுதான இருக்கேன்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. பையை என் மடியில் வைத்தார். உள்ளே பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து மடித்த துணிகள், பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தன. நாலு ஊக்கு. ஓர் உள்பாவாடை. "பழசுதான், ஆனா நல்லாத் துவைச்சது" என்றார். பிறகு, வெளியே நின்ற பையன் ஒருவனைக் கூப்பிட்டு, கூரையிலிருந்து ஒழுகுகிற மழைத்தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்துத் தரச்சொன்னார். என்னைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கழிவறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். "நீ போ. நான் நிக்கேன். ஒருத்தரும் வரமாட்டாவ."

அந்தச் சேலைத் துணி எவ்வளவு மிருதுவாக இருந்தது என்று எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை. பல வருஷம் கட்டித் துவைத்துத் துவைத்து அந்தப் பதத்துக்கு வந்த துணி. தன் வீட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கிறபோது, எதை எடுத்து மேலே வைப்பது எதை விடுவது என்று தவிக்கிற நேரத்தில், பெயர் தெரியாத ஒருத்திக்காக ஒரு சேலையைத் தேடி எடுத்து, கிழித்து, நனையாமல் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். அதற்கு முன்னால், ஐந்நூறு பேருக்குச் சோறு கொடுத்துக்கொண்டே ஒருத்தி எழுந்திருக்காததைப் பார்த்திருக்கிறார்.

இதோடு முடிந்திருந்தாலே ஆயுசுக்கும் போதும். செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி வந்தார். "ராத்திரி உள்ளதை எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் கூசிவிட்டது. செய்தித்தாளில் சுற்றி, அதற்குமேல் கவரில் கட்டி, இருக்கைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன். வேண்டாம் ஆச்சி, வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். "நானும் மூணு பெத்தவதான். இதுல என்ன இருக்கு? இங்க போட்டா நாறும், புள்ளைக இருக்கு. ஆத்துல போட்டாப் பாவம். குடு, நான் வச்சிருந்து, தண்ணி வடிஞ்ச பொறவு குழி தோண்டிப் போட்டுக்கிடுதேன்." வாங்கி முந்தானைக்குள் செருகிக்கொண்டு, சோற்று வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

என் அம்மாவிடம்கூட நான் அதைக் கொடுத்ததில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அதை யார் கண்ணிலும் படாமல் மறைப்பதற்குத்தான் பழக்கப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் மட்டுமா, எல்லா வீட்டிலும் அப்படித்தான். 312 பக்கத்துக்கு நாவல் எழுதினேன். வலியை எழுதினேன், அவமானத்தை எழுதினேன், மேஸ்திரியின் பார்வையை எழுதினேன். "குடு" என்று நீள்கிற ஒரு கையை எழுத எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும், அந்தத் தீப்பெட்டி ஆபீஸ்களில் அப்படி ஒரு கை கட்டாயம் இருந்திருக்கும். கோவில்பட்டி அக்காக்களே, நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டீர்களா, இல்லை நான்தான் கேட்காமல் விட்டேனா? அடுத்த முறை வரும்போது நான் பேசப்போவதில்லை. உட்கார்ந்து கேட்கப்போகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஒன்பது ஊரில் ஐந்து இடங்களில் பெண்களுக்கான கழிப்பறை பூட்டியிருந்தது, அல்லது தண்ணீர் இல்லை. அழைத்தவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. இனிக் கேட்பேன். எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும், எத்தனை பேர் வருவார்கள், புத்தக மேஜை உண்டா என்று கேட்பதற்கு முன்னால், அங்கே கழிப்பறை திறந்திருக்குமா, சாவி ஒரு பெண்ணிடம் இருக்குமா என்றுதான் கேட்பேன். எனக்காக மட்டும் இல்லை. கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து போய்விடுகிற பெண்களை நான் பேச்சு பிடிக்காமல் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். என் பையில் இனி எப்போதும் நாப்கின் இன்னொருத்திக்கும் சேர்த்தே இருக்கும்.

மீட்புப் படையினர் வந்து, உடைந்த சாலையில் நடக்க வேண்டியிருக்கும், சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது புத்தகப் பெட்டியில் 34 பிரதிகள் மிச்சம் இருந்தன. அதை அங்கேயே விட்டுவிடலாம் என்று எழுந்தேன். ஆச்சிதான், "படிக்கிற சாமானை ரோட்டுலயா போடுவாவ" என்று அந்தப் பையன் தலையில் பெட்டியை ஏற்றி அனுப்பினார். உரச்சாக்கைப் பிரித்து மேலே போர்த்திவிட்டார். நான் அவர் காலைத் தொட்டேன். "போ, அம்மா தேடுவா" என்றார். அந்த அவசரத்தில் அவர் பெயரைக் கேட்கவில்லை. இதைவிடப் பெரிய தப்பு இந்தப் பயணத்தில் நான் செய்யவில்லை.

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரி 3ஆம் தேதி நந்தனத்தில் தொடங்குகிறது. நான் அங்கே இருப்பேன். வருகிறவர்கள் புத்தகம் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, தூத்துக்குடிக்கும் நெல்லைக்கும் என்ன அனுப்பலாம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். பாய், போர்வை, பாத்திரம் எல்லாம் போகிறது. நாப்கினும் உள்ளாடையும் அந்தப் பட்டியலில் கடைசியாகக்கூட இல்லை என்று அங்கே வேலை செய்கிற தோழி ஒருத்தி சொன்னாள். பொங்கல் கழிந்ததும் நான் புதுக்குடிக்குப் போகிறேன். கூட்டம், மேடை எதுவும் வேண்டாம். ஆச்சிக்கு ஒரு பருத்திச் சேலை வாங்கி வைத்திருக்கிறேன். புதுச் சேலை கரகரவென்றுதான் இருக்கிறது. துவைத்துத் துவைத்து அந்தப் பதத்துக்கு வரட்டும். அந்த 34 புத்தகங்களும் அன்று அடுப்பு மூட்டிய வீடுகளுக்கு.

புதுக்குடியிலிருந்து யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி. கையில் பச்சை குத்திய ஆச்சி, எங்கள் பெட்டிக்குச் சோறு கொண்டுவந்தவர். கொஞ்சம் கேட்டால் தெரிந்துவிடும். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். பொதுவில் எழுதிவிட்டாளே என்று சங்கடப்பட்டால், எழுதாமல் இருக்க முடியவில்லை என்று சொல்லுங்கள். முடிந்தால் ஆம்பிளைகள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் படியுங்கள். நான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன், உடம்பு நன்றாக இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

அவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

சென்னை
23 டிசம்பர் 2023