ஜார்ஜியா இன்னும் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றிய கட்டுரையைப் படித்தேன். பல்கலைக்கழக அணிகள் தங்களுக்குள் ஆடும் குழுவான 'கான்ஃபரன்ஸ்' என்பதை 'மாநாடு' என்று போட்டிருந்தீர்கள். பந்தலும் மேடையும் கண்முன் வந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "எஸ்இசி 2024-ல் கிழக்கு, மேற்குப் பிரிவுகளை எடுத்துவிட்டதால் இனி எல்லா அணிகளுக்கும் ஒரே நியாயம்" என்று எங்கள் தென்கிழக்கு கான்ஃபரன்ஸைப் (எஸ்இசி) பற்றி எழுதிய வரியைத்தான் பொறுக்க முடியவில்லை.

தாங்கள் அறியாததல்ல, 2025-ல் நான்கு அணிகள் 7-1 (ஏழு வெற்றி, ஒரு தோல்வி) என்று முடித்தன: ஜார்ஜியா, அலபாமா, ஓல் மிஸ், அப்புறம் நான் படித்த டெக்சாஸ் ஏ அண்டு எம். பட்டத்துக்கான ஆட்டத்தில் ஜார்ஜியாவும் அலபாமாவும் ஆடின. சரி, நாங்கள் அவர்களிடம் தோற்றோமா? ஆடவே இல்லையே! மற்ற மூன்றில் ஒன்றுகூட எங்கள் அட்டவணையில் கிடையாது. 16 அணிகள், ஆளுக்கு 8 ஆட்டம். கடைசியில் எங்கள் எதிராளிகளின் வெற்றி விகிதத்தைக் கூட்டிப் பார்த்து எங்களை ஒதுக்கினார்கள். அட்டவணை போட்டது நாங்களா? டெக்சாஸ் பல்கலை அணியிடம் தோற்றது எங்கள் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய முறை மட்டும் ஒழுங்கா என்ன? 2012-ல் சேர்ந்த எங்களை மேற்குப் பிரிவில், அலபாமா, எல்எஸ்யூ, ஆபர்ன் வாயில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கூடவே சேர்ந்த மிசௌரிக்குக் கிழக்கு! அலபாமாவுக்கும் மேற்கே இருக்கிற ஊர் எந்தத் திசைகாட்டியில் கிழக்கு? அவர்கள் 2013, 2014 இரண்டு வருடமும் கிழக்கில் முதலிடம். வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை.

அப்போது எதிர்ப் பிரிவிலிருந்து ஆண்டுதோறும் ஒரு நிரந்தர எதிராளி, ஒரு சுழற்சி எதிராளி. அந்தக் கணக்கில் அந்தப் பிரிவின் மற்ற அணிகள் 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் நம் ஊருக்கு வர முடிந்தது. நான் முதல்முறை சீசன் டிக்கெட் வாங்கிய 2012-ல் மகள் ஒன்றாம் வகுப்பு. ஜார்ஜியா வரும்போது கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். 2019-ல் நாங்கள்தான் அங்கே போனோம். 2025-ம் முடிந்தது. ஜார்ஜியா எங்கள் கைல் ஃபீல்டு மைதானத்துக்கு வரவில்லை. மகள்தான் ஜார்ஜியாவுக்குப் படிக்கப் போயிருக்கிறாள். "டிக்கெட் இன்னும் இருக்காப்பா?" என்று போனில் சிரிக்கிறாள்.

டெக்சாஸுடனான ஆட்டம் 2011-க்குப் பிறகு 2024 வரை நின்றுபோன கதையை எழுதினால் உங்களுக்குத் தனி இதழ் வேண்டும்.

2026 முதல் ஆளுக்கு 9 ஆட்டம், மூன்று எதிராளிகள் நிரந்தரம், மற்றவர்கள் நான்கு ஆண்டுக்குள் ஒருமுறையாவது வந்துபோவார்கள் என்கிறார்கள். பார்க்கலாம். அந்த மூன்று பேர் யாருக்குப் புலி, யாருக்குப் பூனை என்று கட்டுரையாளர் எண்ணிப் பார்த்தாரா?

வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை புள்ளிப் பட்டியல் போடும்போது, 'யாருடன் ஆடவில்லை' என்று ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் சேருங்கள். இடம் போதாவிட்டால் ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கலாம்.

இப்படிக்கு,
சந்தா தவறாமல் கட்டும் வாசகன்,
ஹூஸ்டன்